இரவல் குளியல்

சுவரைத் தட்டினாலே போதும், ஓடுகள் கழன்று விழுந்தன,
ஐம்பது வருஷம் பிடித்திருந்த கை
சலித்து விட்டுவிட்டதுபோல.
எல்லாம் பிஸ்தாப் பச்சை.
குளியல்தொட்டி, கழிப்பறைக் கோப்பை,
சோப்புக் கிண்ணம்கூட அதே பச்சை.
“யார் இதைக் கடையில் பார்த்து ஆஹா என்றிருப்பார்கள்?”
கேட்டான் நிபால்தோ.
யாரோ தவணையில் வாங்கியிருப்பார்கள் என்றேன்.
பிறகு கொஞ்ச நேரம்
மெதுவாகவே உடைத்தோம்.

வால்திவியாவில் மழை ஆரம்பித்துவிட்டால்
நிற்பதைப் பற்றி யோசிப்பதில்லை.
உடைசல் மூட்டைகள் வாசலில் நனைந்து
எங்கள் இடுப்பைப் பழிவாங்கின.
நால்வருமே மருத்துவமனைச் சலவைக்கூடத்து ஆட்கள்;
கொத்து வேலை எவருக்கும் தெரியாது.
எதுவினா மட்டும் ஒருமுறை
கோழிக்கூண்டுக்குத் தளம் போட்டிருக்கிறாள்.
அன்று முதல் அவளை என்ஜினியர் என்றோம்.

என்ஜினியர் ரசமட்டம் வைத்தாள்.
குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடி ஒளிந்துகொண்டது.
அறுபதில் பூமி குலுங்கியபோது சாய்ந்த வீடு,
நேராக மாட்டினால் அலமாரிதான் கோணலாகத் தெரியும்.
அதனால் கோணலாக மாட்டினோம்.
இப்போது பார்க்க நேராக இருக்கிறது.

சமையல் மேடைப் பலகையில்
தொட்டிக்கான துளையை
வலப்பக்கம் வெட்டவேண்டியவன் நிபால்தோ
இடப்பக்கம் வெட்டினான்.
ரம்பம் நின்ற பிறகும் யாரும் வாய் திறக்கவில்லை.
பலகையின் விலை எல்லோருக்கும் தெரியும்.
குழாயை இடம் மாற்றினோம்.
பாத்திரம் கழுவும்போது முன்பெல்லாம் ஆறு தெரியும்.
இப்போது பக்கத்து வீட்டு காஸ் சிலிண்டர்கள்.
பாதகமில்லை, மஞ்சள் நிறம்.

ரோசாமெல்தான் ஓடு வாங்கக் கூட வந்தவன்.
“கருப்பு வேண்டாம் என்கிறாள் அதெலா,
தண்ணீர்க் கறை அப்படியே தெரியுமாம்.”
“ரொம்ப வழவழப்பு கூடாதாம்.”
அவன் மனைவியை ஓரிரு முறைதான் பார்த்திருக்கிறேன்.
ஆனாலும் விஷயம் தெரிந்தவள் என்று பட்டது.
சொரசொரப்பான வெள்ளை வாங்கினோம்.

பதினோரு நாள் என் வீட்டில் குளியலறை இல்லை.
துண்டும் சோப்புமாக வீடு வீடாகப் போனேன்.
எதுவினா வீட்டில் நீர் சூடாக
கீஸரை முஷ்டியால் குத்தவேண்டும்.
நிபால்தோ வீட்டுத் தொட்டிக்குள்
பிள்ளைகளின் பிளாஸ்டிக் டைனோசர்கள்;
ஒன்றை மிதித்து, அதற்கு மன்னிப்பும் கேட்டேன்.
நண்பர்களைப் பல வருஷமாகத் தெரியும்.
அவர்கள் சோப்பை எதுவரை தேய்ப்பார்கள் என்று
அந்த வாரம்தான் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் ரோசாமெல் வீடு.
அதெலா கடைக்குப் போயிருக்கிறாள் என்றான்.
உள்ளே ஒரே கொக்கியில் ஒரே துண்டு.
கோப்பையில் ஒற்றைப் பல்துலக்கி,
அது சாய்ந்துகொள்ள எதுவுமில்லாமல்.
கண்ணாடிக்குக் கீழே ஒரு அலமாரித் தட்டு
முழுக்கக் காலி.
தூசி மட்டும் தினமும் துடைத்திருக்கிறான்.

குழாயை நிறுத்தாமல் நெடுநேரம் நின்றேன்.
இல்லாத ஒருத்தியின் பேச்சைக் கேட்டு
வெள்ளை ஓடு வாங்கியிருக்கிறேன்.
தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்து
தண்ணீர் நல்ல சூடு என்றேன்.
“அதெலாவுக்கும் அப்படித்தான் வேண்டும்” என்றான்.

வேலை முடிந்த சனிக்கிழமை
ஓட்டிடுக்குச் சாந்து நகக்கண்ணில் இருக்க
ரொட்டியும் வெண்ணெய்ப்பழமும் தேநீருமாக
புது மேடையைச் சுற்றி நின்றோம்.
நாற்காலிகள் இன்னும் மழைக்குப் பயந்து
படுக்கையறையில் அடுக்கிக் கிடந்தன.
ரோசாமெல் ஒரு கேக் கொண்டுவந்தான்.
“அதெலா செய்தது.”
வாங்கித் தட்டுக்கு மாற்றும்போது
அடியட்டையில் கடையின் விலைச்சீட்டு.

மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
நகத்தால் சுரண்டி எடுத்தேன்.
எதுவினா கேட்டாள், என்ன தேடுகிறாய்?
கத்தி, என்றேன்.
கேக் கொஞ்சம் வறண்டிருந்தது.
இன்னொரு துண்டு வாங்கிக்கொண்டேன்.
கட்டைவிரலில் அந்தச் சீட்டு
உதறியும் போகாமல்
ஒட்டிக்கொண்டே இருந்தது.